மோதிரம் எந்தப் பையில் இருக்கிறது? – ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை முதன்முறை படிக்கப் போகிறவர்களுக்கு

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைத் தொடங்கிப் பாதியில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டால், சொல்லிவைத்தாற்போல மூன்று இடங்களில் ஒன்றைச் சொல்வார்கள்: ஹாபிட்கள் என்ற சின்ன உருவ மக்களைப் பற்றிய முன்னுரை, டாம் பாம்படில் வீடு, எல்ரோண்டின் சபை. நான் நிறுத்தியது சபையில். கல்லூரி இரண்டாம் வருடம், விடுதி நண்பனிடம் இரவல் வாங்கிய தடித்த ஒற்றைத் தொகுதி. யார் யாரோ எழுந்து, எங்கெங்கோ எப்போதோ நடந்ததைப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஆறு வருடம் கழித்து அதே அத்தியாயத்தை ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்தேன். புத்தகம் அதேதான். இதற்குள் எப்படி நுழைவது என்பது அப்போது பிடிபட்டிருந்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவு என்ன ஆகிறது என்பதை எங்கும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள் அரக்கனின் உயிர். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்காதவர் நம்மில் குறைவு. அரக்கனை வாளால் வெட்டினாலும் சாகமாட்டான். கிளியின் கழுத்தைத் திருகினால் சாவான்.

டோல்கீனின் நாவலுக்கு அடியில் இருப்பதும் இதே கதைதான். சௌரோன் என்கிற இருண்ட அதிபதி தன் சக்தியின் பெரும்பகுதியை ஒரு மோதிரத்துக்குள் வைத்திருக்கிறான். மோதிரம் அழிந்தால் அவனும் அழிவான். அந்த மோதிரம் சண்டை சச்சரவு தெரியாத ஒரு சின்ன ஊர்க்காரனின் கையில் வந்து சேர்கிறது.

பாட்டி சொன்ன கதையில் ராஜகுமாரன் கிளியைப் பிடித்ததும் கழுத்தைத் திருகிவிடுவான். ஒரு வரியில் முடிந்துவிடும். டோல்கீன் அந்த ஒரு வரியில்தான் ஆயிரம் பக்கம் நிற்கிறார். கிளியைக் கையில் பிடித்தவனுக்கு அதைத் திருக மனம் வராவிட்டால்? ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருக்க வைத்திருக்க அதன்மேல் ஆசை கூடிக்கொண்டே போனால்? இந்தக் கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை அரசர்கள் வந்தாலும், எத்தனை போர் நடந்தாலும் வழி தவறாது.

முதலில் ‘தி ஹாபிட்’

நேராகப் பெரிய நாவலுக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ குழந்தைகளுக்கு எழுதியது, பத்தொன்பதே அத்தியாயம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த டோல்கீன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் அதன் முதல் வரியைக் கிறுக்கினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பையன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தான். அதற்கு அவனுக்கு ஒரு ஷில்லிங் கூலி. புத்தகம் வெளிவந்தது.

இதில் ஐந்தாவது அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். பில்போ என்ற ஹாபிட் மலைக்கு அடியில் இருட்டில் வழி தெரியாமல் சிக்கிக்கொள்கிறான். அங்கே ஏரி நடுவே வாழும் கோல்லம் என்ற ஜந்துவோடு விடுகதைப் போட்டி. தோற்றால் அது அவனைத் தின்றுவிடும். கேட்க விடுகதை தீர்ந்துபோய், பில்போ சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறான். சற்று முன் தரையில் கிடைத்த மோதிரம் விரலில் தட்டுப்படுகிறது. ‘என் பையில் என்ன இருக்கிறது?’ என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறான். அதுவே கடைசி விடுகதையாகிவிடுகிறது.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் பதிப்பில் கோல்லம் அந்த மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொண்டுதான் போட்டியில் இறங்கும். பெரிய நாவல் எழுத எழுத, அந்த மோதிரத்தை யாரும் மனமுவந்து தரவே முடியாது என்று ஆகிவிட்டது. ஆகவே டோல்கீன் பழைய அத்தியாயத்தையே திருத்தி எழுதினார். 1951 பதிப்பில் அது மாறி வந்தது. இன்று கடையில் கிடைப்பது திருத்திய வடிவம்தான்.

பையையும் கையையும் நினைவில் வையுங்கள். திரும்ப வருகிறேன்.

எந்தப் பதிப்பு, எவ்வளவு நாள்

பெரிய நாவலை முத்தொகுதி என்பது வழக்கம். உண்மையில் அது ஒரே நாவல். உள்ளுக்குள் ஆறு பாகமாகப் பிரிந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலை அதிகம், புத்தகம் விற்குமா என்ற கவலை வேறு. அதனால் மூன்றாக வெட்டி வெளியிட்டார்கள். முதல் இரண்டு தொகுதிகள் 1954 ஜூலையிலும் நவம்பரிலும், மூன்றாவது 1955 அக்டோபரிலும் வந்தன. கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்ததும் 1954இல்தான். அதே வருடத்தில், ஒன்றையொன்று அறியாமல், இரண்டு மொழிகளில் இரண்டு பெருங்கதைகள். எனக்கு இது யோசிக்க யோசிக்கப் பிடித்த தற்செயல்.

வாங்கும்போது மூன்று தனித் தொகுதிகளாக வாங்குங்கள். ஒற்றைத் தொகுதி அலமாரியில் அழகாக இருக்கும். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, எழுத்தும் பொடியாக இருக்கும். முதல் தொகுதியை மட்டும் வாங்கித் தொடங்கினாலும் போதும். பழைய புத்தகக் கடைகளில் தனித்தனியாக அகப்படும். அட்டை வேறு வேறாக இருந்தால் என்ன?

மொத்தம் 62 அத்தியாயம். பக்கக் கணக்கை விட்டுவிடுங்கள், அது மலைக்க வைக்கும். அத்தியாயக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நான்கு என்றால் நாலு மாதம். ஒரு அத்தியாயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டோல்கீன் பெரும்பாலும் ஒரு அத்தியாயத்துக்குள் ஒரு இடத்தை வைத்து, அதை விட்டுக் கிளம்பும்போது முடிப்பார். நடுவில் விட்டால் அடுத்த நாள் அந்த இடத்தின் வெளிச்சமும் வாடையும் போயிருக்கும்.

கல்கி வாசகர்கள் மூன்றரை வருடம் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். நாலு மாதம் நமக்கு அதிகமில்லை.

முன்னுரையைத் தாண்டுங்கள்

முதல் பக்கத்தைப் புரட்டினால் ஹாபிட்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்த இலையைப் புகைத்தார்கள், ஊர் நிர்வாகம் எப்படி என்று நீளமாக ஒரு பகுதி. இதைப் பாடம் மாதிரிப் படித்து மனதில் ஏற்றப் பார்த்துத்தான் பலர் களைத்துப் போகிறார்கள். முதல்முறை இதைப் படிக்க வேண்டியதில்லை. நேராக முதல் அத்தியாயத்துக்கு, பில்போவின் நூற்றுப் பதினோராவது பிறந்தநாள் விருந்துக்குப் போங்கள். ‘தி ஹாபிட்’ படிக்காமல் வருகிறவர்கள் மட்டும் முன்னுரையில் மோதிரம் கிடைத்த கதையைச் சொல்லும் நாலாவது பகுதியைப் படித்துக்கொண்டால் போதும்.

நாவலை முடித்துவிட்டு ஒருநாள் முன்னுரைக்குத் திரும்புங்கள். அந்த ஊரை விட்டு வந்தவர் அந்த ஊரைப் பற்றிப் படிக்கிற மாதிரி இருக்கும்.

பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம்

‘ஒரே ஆளுக்கு நாலு பெயர், எப்படி ஞாபகம் வைப்பது?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பார்த்தன், தனஞ்சயன், விஜயன், காண்டீபன் எல்லாம் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ராஜராஜனும் ஒருவர்தான் என்பதில் நமக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஆங்கில நாவலில் ஸ்ட்ரைடர், அரகார்ன், எலஸ்ஸார் என்று ஒருவரையே அழைக்கும்போது மட்டும் ஏன் பதற வேண்டும்? எந்த ஊர்க்காரர்கள் அழைக்கிறார்களோ அவர்கள் மொழியில் ஒரு பெயர். சத்திரத்தில் அவர் ஸ்ட்ரைடர். எல்ஃப் என்ற சாவில்லாத இனத்தாரிடம் வேறு. மந்திரவாதி காண்டால்ஃபுக்கும் அப்படியே, எல்ஃப்களுக்கு அவர் மித்ராந்திர்.

பெயரில் குலம் தெரியும் என்பது இன்னொரு சாவி. கிள்ளி என்றால் சோழன், வழுதி என்றால் பாண்டியன், பொறையன் என்றால் சேரன் என்று சங்கப்பாட்டு படிப்பவர் பெயரைக் கொண்டே ஆளின் நாட்டைச் சொல்லிவிடுவார். இங்கேயும் அதே வழக்கம். ரோஹன் நாட்டவர் குதிரைக்காரர்கள். ஏயோமர், ஏயோவின் என்று அவர்களில் பலரின் பெயர்கள் ‘ஏயோ’ என்று தொடங்கும். பழைய ஆங்கிலத்தில் ‘எயோ’ என்றால் குதிரை. அவர்களின் அரசன் தேயோடென்; அந்தச் சொல்லுக்கே அரசன் என்றுதான் பொருள். டோல்கீன் தொழிலால் பழைய ஆங்கிலப் பேராசிரியர் என்பதை மறந்துவிடாதீர்கள். குள்ளர்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தார். காண்டால்ஃப் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

உச்சரிப்பில் தமிழ் வாசகருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னிணைப்பைப் படித்தபோது தெரிந்துகொண்டு மகிழ்ந்துபோனேன். எல்ஃப் மொழிகளில் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அது நெடில், இல்லாவிட்டால் குறில். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது, நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். ‘ர’ எங்கே வந்தாலும் நாக்கை அதிரவிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார். லண்டன்காரர்கள் விழுங்கிவிடும் அந்த ஒலியை நாம் இயல்பாகச் சொல்கிறோம். ‘சி’ எழுத்து எப்போதும் ‘க’ ஒலிதான். ஆகவே செலபார்ன் இல்லை, கெலெபோர்ன். இந்த மூன்றும் போதும்.

சௌரோனும் சாருமானும் மட்டும் உண்மையிலேயே குழப்பும். சௌரோன் எதிரி; கண்ணில் படாமல் தூரத்தில் இருப்பவன். சாருமான் மந்திரவாதி; கோபுரத்தில் வாழ்பவன். அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை வெளியே எடுங்கள்

புத்தகத்தில் வரைபடம் இருக்கும். டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் வரைந்தது. அதை நகலெடுத்து, கொஞ்சம் பெரிதாக்கி, தனித்தாளாக மடித்துப் புத்தகத்துக்குள் வையுங்கள். கிண்டிலில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தத் திரையில் வரைபடம் வெறும் புழுக்களாகத் தெரியும்.

வடமேற்கே ஹாபிட்களின் ஊரான ஷையர், தென்கிழக்கே சௌரோனின் நாடான மோர்டோர். பயணம் ஏறக்குறைய மூலைக்கு மூலை. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் எங்கே வந்திருக்கிறார்கள் என்று ஒரு புள்ளி வையுங்கள். மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட்டான ஃப்ரோடோ செப்டம்பர் 23 வீட்டை விட்டுக் கிளம்புகிறார். எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் ஊரான ரிவெண்டெல்லை அடைய அக்டோபர் 20 ஆகிவிடும். அங்கிருந்து ஒன்பது பேராகக் கிளம்புவது டிசம்பர் 25. அதாவது நல்ல பனிக்காலம். தேதியும் பருவமும் தெரிந்தால், மலைக்கணவாயில் பனி கொட்டும்போது அது சும்மா வர்ணனையாக இருக்காது. இந்த மனுஷர் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, ஆறு எந்தக் கையில் ஓடுகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே போவார். வரைபடத்தில் விரல் இருந்தால் ஒவ்வொன்றும் உதவும்.

ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படும் இடம் இது. நானும் தமிழ் வழிதான். வாக்கியங்கள் கடினமில்லை, சின்னச் சின்னச் சொற்களாகத்தான் எழுதுவார். சிக்க வைப்பது நிலத்தைக் குறிக்கும் சொற்கள். ‘டவுன்ஸ்’ என்று வந்தால் கீழே என்று நினைக்காதீர்கள். அது புல் மூடிய மேட்டுநிலம். ‘பேரோ’ என்பது இறந்தவர்களைப் புதைத்த மண்மேடு. இது தெரியாததால் புதைமேடுகள் வரும் அத்தியாயத்தில் இவர்கள் எங்கோ பள்ளத்தில் இறங்குகிறார்கள் என்று முதல்முறை நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ஃபென்’ சதுப்பு. ‘டேல்’ பள்ளத்தாக்கு. ‘ஃபோர்ட்’ என்றால் இங்கே கோட்டை இல்லை, ஆற்றை நடந்தே கடக்கும் துறை. ‘ஃபெல்’ என்று ஒரு ஆளுக்கோ மிருகத்துக்கோ முன்னால் வந்தால் கொடிய என்று பொருள்; விழுந்தது என்று எடுத்துக்கொண்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தால் அகராதியை மூடி வைக்கலாம். தெரியாத சொல்லின் கீழ் பென்சில் கோடு போட்டுவிட்டு நகருங்கள். மூன்றாவது முறை அதே சொல் வரும்போது பொருள் தானே தெரிந்திருக்கும். அப்படியும் முடியவில்லை என்றால் ஒலிநூலைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கண்ணை ஓட்டுங்கள். ராப் இங்க்லிஸ் 1990இல் வாசித்தது ஒன்று உண்டு, ஆண்டி செர்கிஸ் 2021இல் வாசித்தது ஒன்று உண்டு. செர்கிஸ் திரைப்படத்தில் கோல்லமாக நடித்தவர்; அந்தக் குரலில் கேட்பது தனி.

இரண்டாவது அத்தியாயத்தில் நில்லுங்கள்

விருந்து முடிந்த இரவு. பில்போ ஊரைவிட்டுப் போகப் போகிறார். மோதிரத்தை வாரிசான ஃப்ரோடோவுக்கு விட்டுச் செல்ல வேண்டும். எங்கே இருக்கிறது என்று காண்டால்ஃப் கேட்க, உறைக்குள் போட்டுக் கணப்பு மேடைமேல் வைத்துவிட்டேன் என்கிறார். சொன்ன மாத்திரத்தில், இல்லையே, இங்கே என் பையிலேயே இருக்கிறதே என்கிறார்.

அடுத்த அத்தியாயத்துக்குள் பதினேழு வருடம் ஓடிவிடுகிறது. கவனிக்காவிட்டால் தெரியாது, திரைப்படத்தில் இந்த இடைவெளி தெரியவே தெரியாது. ஃப்ரோடோவுக்கு இப்போது ஐம்பது வயது. காண்டால்ஃப் மோதிரத்தை வாங்கி அடுப்பில் போடுகிறார். எழுத்துகள் நெருப்பாய் எழுகின்றன. இது என்ன மோதிரம் என்று சொல்கிறார். நீண்ட பேச்சு. ஃப்ரோடோ பயந்து, இதை அழித்துவிடலாமே என்கிறார். முயன்று பார் என்கிறார் காண்டால்ஃப். ஃப்ரோடோ மோதிரத்தை எடுக்கிறார், பார்க்கிறார், அழகாக இருக்கிறது என்று நினைக்கிறார். எறியத்தான் எடுத்தார். மனதைத் திரட்டிக்கொண்டு கையை வீசுகிறார். பிறகு பார்த்தால் மோதிரம் பைக்குள் இருக்கிறது. அவரே போட்டிருக்கிறார்.

கிளியின் கழுத்தை அவரால் திருக முடியவில்லை. அதுவும் சொந்த வீட்டுக் கணப்பில், எந்த எதிரியும் இல்லாத காலை வேளையில்.

இந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். இதே அத்தியாயத்தில் கோல்லத்தைப் பற்றி ஒரு சம்வாதமும் வரும். பில்போ அன்றைக்கே அதைக் குத்திக் கொன்றிருக்கக் கூடாதா, பிட்டி, என்று ஃப்ரோடோ அங்கலாய்க்கிறார். ‘பிட்டி’ (pity) என்ற அந்த ஆங்கிலச் சொல் அவர் வாயில் ‘அடடா’ என்கிற பொருளில் வருகிறது. காண்டால்ஃப் அதே சொல்லைப் பிடித்து, அதன் மூலப்பொருளான இரக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்: அவன் கையைத் தடுத்தது அந்த இரக்கம்தான். ஒரே சொல், இரண்டு வாயில் இரண்டு பொருள். அங்கேயும் கோடு போடுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

இனி எங்கே மோதிரம் வந்தாலும் அது யார் கையில், எந்தப் பையில், சங்கிலியில் தொங்குகிறதா, விரல் அதை நோக்கிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். வாள்வீச்சைவிட இதில்தான் கதை நடக்கிறது.

மாட்டிக்கொள்ளும் மற்ற இடங்கள்

ஆறாவது அத்தியாயத்திலிருந்து எட்டு வரை: பழைய காடு, டாம் பாம்படில், புதைமேடுகள். மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு பாடியபடியே திரிகிற ஒருவர் வந்து இவர்களைக் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். கதை நின்றுவிட்டதே என்று தோன்றும். பீட்டர் ஜாக்சன் திரைப்படத்தில் இந்த மூன்று அத்தியாயமும் இல்லை. தாண்டாதீர்கள். பாம்படில் மோதிரத்தைக் கேட்டு வாங்கி விரலில் போட்டுக்கொள்கிறார். அவர் மறைவதில்லை, ஒன்றுமே ஆவதில்லை, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிடுகிறார். மொத்த நாவலிலும் மோதிரம் ஒன்றும் செய்ய முடியாத ஆள் இவர் ஒருவர்தான். ஏன் என்பதற்கு டோல்கீன் விளக்கம் தரவில்லை. புதைமேட்டில் ஹாபிட்களுக்குக் கிடைக்கும் குத்துவாள்களையும் மறந்துவிட வேண்டாம். அவற்றில் ஒன்றுக்கு வெகு தூரம் கழித்து வேலை இருக்கிறது.

பிறகு சபை, இரண்டாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயம். நான் செய்தது இதுதான்: ஒரு துண்டுத்தாளில் இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் ஊர். க்ளோயின், குள்ளர், தனிமலை. லெகோலஸ், எல்ஃப், வடக்கே மிர்க்வுட் காடு. போரோமிர், மனிதர், தெற்கே கோண்டோர். ஒவ்வொருவரும் தன் ஊரில் நடந்த ஒரு விபரீதத்தோடு வந்திருக்கிறார். பஞ்சாயத்தில் ஒவ்வொரு கரைக்காரரும் தன் பக்கத்துச் சங்கதியைச் சொல்வார்கள் இல்லையா, அப்படி. எல்லாத் துண்டும் சேரும்போதுதான் அபாயத்தின் முழு அளவு தெரியும். வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் நாலு திசையிலிருந்தும் வலை இறுகுவது கண்ணுக்குத் தெரியும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் இந்த அத்தியாயத்துக்கு மட்டும் விதிவிலக்கு: காண்டால்ஃப் பேச எழும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். போரோமிர் மோதிரத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

இரண்டாம் தொகுதியில் கதை இரண்டாகக் கிழிகிறது. மூன்றாம் பாகம் முழுக்க ஃப்ரோடோவும் அவர் தோழன் சாமும் வரவே மாட்டார்கள். நாலாம் பாகம் முழுக்க அவர்கள் மட்டும். ‘ஃப்ரோடோ என்ன ஆனார்’ என்ற தவிப்பில் முன்னால் தாவிப் படிப்பவர்கள் உண்டு. வேண்டாம். அவர் எங்கே என்று அரகார்னுக்கும் தெரியாது, லெகோலஸுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் அவர்கள் ஓடுகிறார்கள். நீங்களும் கூடவே ஓடுங்கள். நாலாம் பாகத்தில் வேகம் விழுந்துவிடும். கோல்லத்தோடு சேர்த்து மூன்றே பேர் சதுப்பிலும் சாம்பல் மண்ணிலும் நடந்துகொண்டே இருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம் அந்தப் பாகம்தான். கோல்லம் பேசும் ஒவ்வொரு வரியையும் மெதுவாகப் படியுங்கள்.

பாட்டுகள் நிறைய வரும். பிடிக்காததைத் தாண்டலாம், குற்றமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் நாலு வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு அலுப்பூட்டியது காதுக்குப் பிடித்துப்போகும்.

வேலை முடிந்த பிறகும் புத்தகம் முடியாது

மோதிரத்தின் சங்கதி ஒரு தீர்வுக்கு வந்த பிறகும் ஆறு அத்தியாயம் மிச்சம் இருக்கும். இத்தனை பக்கம் எதற்கு என்று வேகமாகப் புரட்டத் தோன்றும். அவற்றில் ஒன்று, ஆறாம் பாகத்தின் எட்டாவது அத்தியாயம், ஹாபிட்கள் சொந்த ஊருக்குத் திரும்புவது. திரைப்படத்தில் இல்லாதது. திரும்பி வரும் ஊர் விட்டுப்போன ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பத்து வயதாவதற்குள், தான் வளர்ந்த கிராமப்புறம் சீரழிந்ததைப் பார்த்தவர் டோல்கீன். முதல் உலகப் போரில், 1916இல், சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரையும் இழந்துவிட்டதாக அவரே இரண்டாம் பதிப்பின் முகவுரையில் எழுதியிருக்கிறார். அந்த முகவுரையையும் கடைசியில் படியுங்கள். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வேறு வேலையில்லாத ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி வையுங்கள்.

பின்னிணைப்புகளில் ஒன்றே ஒன்று உடனே படிக்க வேண்டியது: அரகார்ன், ஆர்வென் கதை. சில பக்கம்தான். மற்றவை தேவைப்படும்போது. ‘சில்மரில்லியன்’ பக்கம் இப்போதே போகாதீர்கள். அது டோல்கீன் இறந்து நாலு வருடம் கழித்து, 1977இல் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டது, புராணம் போன்ற நடை. உலகம் இசையிலிருந்து பிறக்கும் அதன் தொடக்கப் பகுதியை மட்டும் வேண்டுமானால் சுவைத்துப் பார்க்கலாம்.

திரைப்படங்களை அந்தந்தத் தொகுதி முடித்த பிறகு பாருங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நஷ்டமில்லை. முகங்கள் தெரிந்திருப்பது சபை அத்தியாயத்தில் கைகொடுக்கும்.

அடுத்து என்ன என்று கேட்பீர்கள். உர்சுலா கே. லெ க்வின் எழுதிய ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ’. 1968இல் வந்தது, சின்னப் புத்தகம். செம்பு நிறத் தோல் கொண்ட ஆட்டிடையச் சிறுவன் மந்திரம் கற்கப் போகிறான். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை ஆளலாம் என்பது அந்த உலகத்தின் சட்டம். மலைகளுக்குப் பதில் கடலும் தீவுகளும். அங்கேயும் முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கும். முதலில் அதை நகலெடுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம். முதல் தொகுதியை எடுத்து, இரண்டாவது அத்தியாயத்தில் பென்சில் கோடு போட்ட இரண்டு இடங்களையும் திரும்பப் படியுங்கள். முடிவு தெரிந்த கண்ணோடு, கணப்பின் முன்னால் ஃப்ரோடோவின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.